எம்.எஸ். படிக்கும் காலத்தில் எந்த ஆய்வுக் கட்டுரையை எழுதுவது?

பொது அறுவை மருத்துவத்தில் எம்.எஸ். சேருபவருக்கு மூன்று ஆண்டுகள் இருப்பதாகச் சொல்லப்பட்டாலும், ஆய்வுக்கென்று அவர் கையில் மிஞ்சும் காலம் அதில் பாதிகூட இல்லை. மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனைப் பயிற்சிக்குச் சென்றுவிடும். பிற துறைகளில் செய்யும் சுழற்சிப் பணி இன்னும் சில மாதங்களை எடுத்துக்கொள்ளும். இறுதித் தேர்வுக்கு முந்தைய ஆறு மாதங்களில் பாடப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொட மனம் வராது. எஞ்சிய நாள்களிலும் இன்று அட்மிஷன், நாளை ஓ.பி., மறுநாள் தியேட்டர் என்று யூனிட் வேலை ஓய்வதில்லை. இந்த நெருக்கடிக்குள் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழும்போது, எந்த வகைக் கட்டுரையில் கை வைப்பது என்பதைப் பெரும்பாலான மாணவர்கள் யோசித்து முடிவு செய்வதில்லை. சீனியர் எதைச் செய்தாரோ அதையே செய்கிறார்கள். ஆனால் கேஸ் ரிப்போர்ட், பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்துச் செய்யும் பின்னோக்கிய ஆய்வு, தீசிஸைக் கட்டுரையாக்குவது, ஒரு கேள்வி பற்றி வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுக்கும் முறைசார் மீளாய்வு, பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஆய்வில் பங்கெடுப்பது ஆகிய ஐந்தும் கேட்கும் உழைப்பும் காலமும் வேறு, கொடுக்கும் பயனும் வேறு.

முதலில் விதிகள் என்ன கேட்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் தேவையற்ற பதற்றத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. இந்திய மருத்துவக் கழகத்தின் பழைய முதுநிலை விதிகள் ஆய்வை ஒரே தாளில் காட்டும் மாநாட்டுச் சுவரொட்டி ஒன்று, மாநாட்டில் வாசித்த கட்டுரை ஒன்று, இதழில் வெளியான அல்லது ஏற்கப்பட்ட அல்லது அனுப்பிவைக்கப்பட்ட கட்டுரை ஒன்று என மூன்றையும் கேட்டன. அனுப்பினாலே போதும் என்று இருந்ததால், இதழிலிருந்து வந்த ஒப்புகை மின்னஞ்சலை அச்செடுத்து இணைத்துவிட்டு அக்கட்டுரையை அதோடு மறந்தவர்கள் ஏராளம். அக்கழகத்துக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் இதைத் தளர்த்தின. மாநாட்டில் சுவரொட்டியோ உரையோ வழங்கியிருக்க வேண்டும், அல்லது முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வெளியாகியோ ஏற்கப்பட்டோ இருக்க வேண்டும் என்று இரண்டில் ஒன்றாக அது மாறியது. ஆகவே தேர்வு எழுதும் தகுதி மட்டுமே நோக்கம் என்றால், மாநில மாநாடு ஒன்றில் ஒரு நல்ல சுவரொட்டியோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. விருப்பமில்லாமல் எழுதப்படும் கட்டுரையைவிட அது மேலானது.

கட்டுரையின் தேவை உண்மையில் எழுவது, பின்னாளில் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக விரும்புபவர்களுக்கு. ஆணையத்தின் 2022 ஆசிரியர் தகுதி விதிகள் மூல ஆய்வுகள், பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ், முறைசார் மீளாய்வுகள், பல நோயாளிகளைத் தொகுத்துச் சொல்லும் கேஸ் சீரிஸ் ஆகியவற்றை மட்டுமே பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டன. அவை மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ், எம்பேஸ், ஸ்கோபஸ், டோஜ் போன்ற பட்டியல்களில் உள்ள இதழில் வந்திருக்க வேண்டும் என்றும், எழுதியவர் முதல் மூன்று பெயர்களுள் ஒருவராகவோ இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்பு ஆசிரியராகவோ இருக்க வேண்டும் என்றும் கூறின. தனி ஒரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட் அந்தப் பட்டியலில் இல்லை என்பதை இரண்டு மூன்று கேஸ் ரிப்போர்ட் வெளியிட்ட பிறகு தெரிந்துகொள்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

இருந்தும் கேஸ் ரிப்போர்ட்டுக்குத்தான் மாணவர்கள் முதலில் ஓடுகிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. நோயாளி கண்முன்னே இருக்கிறார், ஸ்கேன் படம் கையில் இருக்கிறது, தியேட்டரில் எடுத்த படம் கைபேசியில் இருக்கிறது, இரண்டு வார இரவுகளில் எழுதி முடித்துவிடலாம். கேர், ஸ்கேர் என்ற வழிகாட்டி நெறிகள் எந்த வரிசையில் எதைச் சொல்ல வேண்டும் என்று தெளிவாக வகுத்துத் தந்துள்ளன. எழுதிப் பழகுவதற்கு இதைவிட எளிய களம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் "இதுவரை பதிவான சில நிகழ்வுகளுள் ஒன்று" என்று தொடங்கும் அறிக்கைகளில் பெரும்பாலானவை வாசிப்பவரின் அடுத்த அறுவையில் எதையும் மாற்றுவதில்லை. குடலிறக்கப் பைக்குள் குடல்வால் இருந்தது என்பது வியப்புதான், அதை நூறாவது முறையாகச் சொல்வதில் வியப்பு இல்லை. நோய் கண்டறிவதில் தவறான பாதைக்கு இட்டுச்சென்ற ஓர் அறிகுறி, வழக்கமான அறுவையில் எதிர்பாராமல் வந்த சிக்கல், அதைச் சமாளித்த விதம், இவற்றுள் ஒன்றாவது இருந்தால்தான் அது எழுதத் தக்கது என்பது என் அளவுகோல். அதோடு ஒரு நடைமுறைத் தடையும் உண்டு. தரமான இதழ்கள் நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலை அவருக்குப் புரியும் மொழியில் பெற்றிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைப்பது போதாது. டிஸ்சார்ஜ் ஆகித் தன் ஊருக்குப் போய்விட்ட நோயாளியின் கைபேசி எண் மாறிவிட்டால் கட்டுரை அதோடு முடிந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டிய நாள் கட்டுரை எழுதும் நாள் அல்ல, தையல் பிரிக்கும் நாள்.

பின்னோக்கிய ஆய்வு அடுத்த படி. மருத்துவப் பதிவேட்டு அறையில் பல ஆண்டுக் கேஸ் ஷீட்டுகள் இருக்கின்றன, புதிதாக நோயாளியைச் சேர்க்க வேண்டியதில்லை, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் பெரும்பாலும் ஒவ்வொரு நோயாளியிடமும் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு அளிக்கும். அனுமதி கிடைத்த பிறகே தரவைத் திரட்டத் தொடங்க வேண்டும். முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் எந்தக் குழுவும் பின்தேதியிட்டுத் தராது. இரண்டாம் ஆண்டின் நடுவில் விழித்துக்கொண்ட மாணவருக்கும் நேரம் போதும் என்பது இதன் பெரிய கவர்ச்சி. இதன் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுவது எளிது.

இரைப்பை அல்லது சிறுகுடல் ஓட்டையால் வந்த வயிற்றுறை அழற்சி நம் அரசு மருத்துவமனைகளில் அட்மிஷன் நாள் தவறாமல் வரும் நோய். ஆகவே மன்ஹைம் பெரிட்டோனைட்டிஸ் இண்டெக்ஸ் என்ற மதிப்பெண் முறை யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதைச் சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்பது மாணவர்களுக்குப் பிடித்த தலைப்பு. ஜெர்மனியில் 1983இல் உருவான அந்த முறையில் எட்டுக் கூறுகள் உண்டு. வயது ஐம்பதைத் தாண்டினால் 5, பெண்ணாக இருந்தால் 5, உறுப்புச் செயலிழப்புக்கு 7, புற்றுநோய்க்கு 4, அறுவைக்கு முன் 24 மணி நேரம் கடந்திருந்தால் 4, ஓட்டை பெருங்குடலில் இல்லையென்றால் 4, அழற்சி வயிறு முழுக்கப் பரவியிருந்தால் 6, வயிற்றினுள் இருந்த நீர் கலங்கலாகவோ சீழாகவோ இருந்தால் 6, மலம் கலந்திருந்தால் 12 என்று கூட்டினால் உச்சம் 47 வரும். காகிதத்தில் இது அழகாக இருக்கும். பதிவேட்டு அறையில் கட்டை அவிழ்த்து முதல் கேஸ் ஷீட்டை எடுத்தால், வலி எப்போது தொடங்கியது என்ற இடத்தில் "இரண்டு நாளாக" என்று இருக்கும், 24 மணி நேரத்தைத் தாண்டியதா என்பதற்கு அதுவே போதும். இரண்டாவதில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். மூன்றாவதன் ஆபரேஷன் நோட்ஸில் ஒரு சென்டிமீட்டர் ஓட்டை, ஓட்டையை அடைக்கும் கிரஹாம் பேட்ச் வைக்கப்பட்டது, வயிறு கழுவப்பட்டது, டிரெய்ன் வைக்கப்பட்டது என்று எல்லாம் இருக்கும். உள்ளே இருந்த நீர் எப்படி இருந்தது என்பது மட்டும் இருக்காது. அதிகாலையில் அறுவை முடித்த மாணவர் அதை எழுதாமல் விட்டதில் வியப்பில்லை, ஆனால் அந்த ஒரு வரி இல்லாமல் மதிப்பெண்ணில் 0, 6, 12 எதைப் போடுவது என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் மாணவருக்கு வரும் மிகப் பெரிய சோதனை, "சீழ்தான் இருந்திருக்கும்" என்று ஊகித்து நிரப்பிவிடுவது. அதைச் செய்தால் ஆய்வு அங்கேயே பொய்யாகிவிடுகிறது. எனவே பின்னோக்கிய ஆய்வைத் தேர்பவர் கேள்வியை முதலில் வைத்துக்கொண்டு கேஸ் ஷீட்டைத் தேடக் கூடாது. முதலில் இருபது கேஸ் ஷீட்டுகளை எடுத்து எந்தத் தகவல் தவறாமல் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்குள் அடங்கும் கேள்வியைக் கேட்க வேண்டும். வயது, சேர்ந்த நேரம், அறுவை தொடங்கிய நேரம், மருத்துவமனையில் இருந்த நாள்கள், உயிரோடு வீடு திரும்பினாரா என்பவை பெரும்பாலும் இருக்கும். சேர்ந்ததற்கும் அறுவைக்கும் இடையே எத்தனை மணி நேரம் கழிந்தது, அந்தத் தாமதம் எங்கே ஏற்பட்டது என்ற எளிய கேள்விக்கு இந்தத் தரவே போதும். அது அந்த மருத்துவமனைக்கும் பயன்படும். இவ்வகை ஆய்வுகளில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வகுக்கும், இருபத்திரண்டு கூறுகள் கொண்ட ஸ்ட்ரோப் நெறிப் பட்டியலை எழுதும்போது அல்லாமல் திட்டமிடும்போதே பக்கத்தில் வைத்துக்கொண்டால், விடுபட்ட தரவை எப்படிக் கையாண்டீர்கள் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை தயாராக இருக்கும்.

இனி தீசிஸ். என் பார்வையில் முதலாண்டு மாணவருக்கு இதுவே சிறந்த வழி, காரணம் மிக எளிமையானது: இந்த உழைப்பை அவர் எப்படியும் செய்தாக வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம், நோயாளிகளைச் சேர்ப்பது கட்டாயம், கடைசியில் எல்லா நோயாளிகளின் தரவையும் ஒரே அட்டவணையாக்கும் மாஸ்டர் சார்ட் போட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைப்பதும் கட்டாயம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தால், அப்படி உழைத்து எழுதப்பட்ட அறுவை மருத்துவ ஆய்வேடுகள் ஆண்டுவாரியாக வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் எத்தனையோ தலைப்புகளில் இதழ்க் கட்டுரையாகும் தரவு இருந்தது. கட்டுரையாகாமல் போனதற்கு எழுத நேரமில்லாதது மட்டும் காரணமல்ல. பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில், ஆய்வுத் திட்டம் எழுதப்பட்ட நாளிலேயே, அந்த வாய்ப்பு மூடப்பட்டுவிட்டது.

அது எப்படி மூடப்படுகிறது என்பதைக் கணக்கோடு பார்க்கலாம். இரண்டு முறைகளை ஒப்பிட்டு எது சிறந்தது என்று கேட்பது நம் தீசிஸ்களின் நிரந்தர ஆசை: இந்த டிரெஸிங்கா அந்த டிரெஸிங்கா, இந்தத் தையலா அந்தத் தையலா. அறுவைக் காயத் தொற்று 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைகிறது என்பதை, வழக்கமான 5 விழுக்காட்டுப் பிழை எல்லையிலும் 80 விழுக்காட்டு வலிமையிலும் (உண்மையில் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) நிறுவ, ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 200 நோயாளிகள் வேண்டும். மொத்தம் 400. பிரிவுக்கு 50 பேரை வைத்துக்கொண்டு 20 விழுக்காட்டை 3 விழுக்காட்டுக்கு அருகே இறக்கினால்தான் வேறுபாடு கண்ணில் படும், அவ்வளவு வல்லமை உள்ள டிரெஸிங் எதுவும் கிடையாது. ஆகவே பாதிப்பேர் "வேறுபாடு இல்லை" என்று முடிக்கிறார்கள், இதழுக்காகக் கட்டுரையைச் சோதிக்கும் மதிப்பாய்வாளர் அதைப் படித்துவிட்டு உங்களால் வேறுபாட்டைக் காணவே முடிந்திருக்காது என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புகிறார். மேலும் இப்படி நோயாளிகளைப் பிரித்துச் சிகிச்சையளிக்கும் ஆய்வை முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அங்கே பின்னர் பதியும் வசதி கிடையாது. பதிவெண் இல்லாத ஆய்வை நல்ல இதழ்கள் தொடுவதில்லை.

அதே 100 நோயாளிகளை வைத்து வேறு வகைக் கேள்வி கேட்டால் நிலைமை மாறிவிடும். ஒரு சோதனை நோயைச் சரியாகக் கண்டறியும் விகிதம் எவ்வளவு, ஒரு சிக்கல் எத்தனை பேருக்கு வருகிறது என்பவை அளவிடும் கேள்விகள். உறுதியான நோயுள்ள 100 பேரில் 80 பேரை அந்தச் சோதனை காட்டிக்கொடுத்தால், உண்மை விகிதம் ஏறக்குறைய 72க்கும் 88க்கும் இடையே இருக்கும் என்று சொல்ல முடியும். அது துல்லியமான விடை இல்லை என்றாலும் நேர்மையான விடை, வெளியிடத் தக்க விடை. அதனால்தான் முதலாண்டு மாணவர் வழிகாட்டியிடம் தலைப்பு பற்றிப் பேசப் போகும்போது, "சார், இதில் ஒப்பிட வேண்டாம், அளந்து மட்டும் பார்க்கலாமா?" என்று கேட்கத் துணிய வேண்டும் என்கிறேன். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆய்வுமுறை இணையப் படிப்பு எல்லா முதுநிலை மாணவர்களுக்கும் கட்டாயம். பலர் அதைச் சான்றிதழுக்காக இரவு டூட்டியில் ஓடவிட்டு முடிக்கிறார்கள். அதில் நோயாளி எண்ணிக்கையைக் கணக்கிடும் பாடத்தையாவது தலைப்பு முடிவாகும் முன் உட்கார்ந்து கேட்டால், இரண்டு ஆண்டு உழைப்பு வீணாகாமல் இருக்கும்.

தீசிஸைக் கட்டுரையாக்கும்போது வரும் வலி வேறு வகையானது. நூறு பக்கத்தை மூவாயிரம் சொற்களுக்குள் அடக்க வேண்டும். வயிற்றின் உடற்கூறில் தொடங்கி நாற்பது பக்கம் ஓடும் இலக்கிய ஆய்வு இரண்டு பத்திகளாகச் சுருங்க வேண்டும். பை வரைபடங்கள் எல்லாம் போக வேண்டும். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஆய்வேடு பொதுவில் இருப்பதால், எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் உங்கள் எழுத்தையே உங்களுக்கு எதிராகக் காட்டும். இது உங்கள் முதுநிலை ஆய்வேட்டிலிருந்து எழுந்த கட்டுரை என்று முகப்புக் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலான இதழ்கள் அதை முன்வெளியீடாகக் கருதுவதில்லை.

முறைசார் மீளாய்வைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. நோயாளியும் வேண்டாம், நெறிமுறைக் குழுவும் வேண்டாம், மடிக்கணினி போதும் என்ற எண்ணத்தில் தொடங்கப்படுபவை பெரும்பாலும் பாதியில் நிற்கின்றன. ஆய்வுகளைத் தேர்வது இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலை, திட்டத்தைத் தரவெடுக்கும் முன்பே மீளாய்வுகளுக்கான இணையப் பதிவேடான பிராஸ்பெரோவில் பதிய வேண்டும், மீளாய்வை எழுதும் நெறிப் பட்டியலான பிரிஸ்மாவின் 27 கூறுகளுக்கும் கணக்குக் காட்ட வேண்டும், ஆயிரக்கணக்கான சுருக்கங்களைப் படித்துத் தள்ள வேண்டும். இந்த வேலையில் அனுபவமுள்ள ஒருவரும், அட்மிஷன் நாள் ஒரே நாளில் வராத ஒரு தோழரும் கிடைத்தால் செய்யலாம். பதவி உயர்வுக்கும் அது கணக்கில் வரும். தனியாகத் தொடங்க வேண்டாம்.

பல மருத்துவமனைகள் சேரும் கூட்டாய்வு இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்ட கதை, பயிற்சி மருத்துவர்கள் ஆய்வுலகுக்கு அளித்த உண்மையான கொடை என்று நான் கருதுவதும் இதைத்தான். இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் பயிற்சியில் இருந்த அறுவை மருத்துவர்கள் 2007இல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பயிற்சிக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என்று மருத்துவமனை மாறிக்கொண்டே இருப்பதை ஆய்வுக்குத் தடையாகப் பார்க்காமல், ஒருவர் போனால் அந்த இடத்துக்கு வருபவர் தொடரட்டும் என்று அதையே பலமாக மாற்றினார்கள். அவர்கள் நடத்திய ரோசினி ஆய்வு 21 மருத்துவமனைகளில் 760 நோயாளிகளைச் சேர்த்தது. வயிற்று அறுவையின்போது காய விளிம்பைக் காக்கும் பிளாஸ்டிக் வளையம் தொற்றைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு, வளையம் வைத்தவர்களில் 24.7 விழுக்காடு, வைக்காதவர்களில் 25.4 விழுக்காடு, ஆகவே பயனில்லை என்ற விடையை 2013இல் வெளியிட்டது. பயனில்லை என்று நம்பும்படியாகச் சொல்ல அவ்வளவு பேர் தேவைப்பட்டார்கள் என்பதை மேலே சொன்ன டிரெஸிங் தீசிஸ்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டாய்வு முறையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. வயிற்றை மூடுவதற்கு முன் புதிய கையுறைகளும் புதிய கருவிகளும் எடுத்துக்கொண்டால் தொற்று குறையுமா என்று கேட்ட சீட்டா ஆய்வு, இந்தியா உட்பட ஏழு நாடுகளின் 81 மருத்துவமனைகளில் 13,301 நோயாளிகளிடம் நடந்தது. தொற்று 18.9 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்ததை 2022இல் லான்செட் வெளியிட்டது. எந்தத் தியேட்டரிலும் நாளையே செய்யக்கூடிய மாற்றம் அது. ஆனால் மூன்று விழுக்காடுகூட இல்லாத அந்த வேறுபாட்டை ஒரே மருத்துவமனையில் ஒரு தீசிஸால் கண்டுபிடிக்க முயன்றால், பிரிவுக்கு 2,600க்கு மேற்பட்டவர்கள் வேண்டும். கோவிட் காலத்து அறுவைகளை ஆராய்ந்த கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் தடுப்பூசி பற்றிய கட்டுரையில் 116 நாடுகளைச் சேர்ந்த 15,025 ஆசிரியர்கள் இடம்பெற்று 2021இல் கின்னஸ் சாதனையாயிற்று. அவர்களில் பயிற்சி மருத்துவர்கள் பெருமளவில் இருந்தார்கள்.

அந்தப் பெரிய எண்ணே இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறது. பதினைந்தாயிரம் பேரில் ஒருவராக இருப்பது 2023 விதி கேட்கும் முதல் ஆசிரியர் என்ற நிபந்தனையை நிறைவு செய்யாது, பதவி உயர்வுக்குக் கேட்கும் முதல் மூவர் என்ற கணக்கிலும் வராது. இருந்தும் ஒரு கூட்டாய்வில் 30 நாள் தொடர் கண்காணிப்பைச் செய்து பழகிய மாணவர் தன் தீசிஸைச் செய்யும் விதமே மாறிவிடுகிறது. அறுவைக் காயத் தொற்று என்பதை அறுவைக்குப் பிந்தைய 30 நாள்களுக்குள் கணக்கிடுவதே உலக வழக்கு, நம் நோயாளியோ எட்டாம் நாளோ பத்தாம் நாளோ தையல் பிரித்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுவார். காயம் அதற்குப் பிறகு கசிந்தால் ஊரிலுள்ள கம்பவுண்டரிடம் கட்டுப் போட்டுக்கொள்வார், நம் கேஸ் ஷீட்டில் அவர் தொற்றில்லாதவர். முப்பதாம் நாள் தொலைபேசியில் அழைத்து, காயத்தில் நீர் வந்ததா, மாத்திரை எழுதினார்களா, யாராவது பிரித்துவிட்டார்களா என்று கேட்கும் பழக்கம் இங்கே மிக அரிது. சேர்க்கும்போதே நோயாளியின் எண்ணோடு மகன் அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் தரவுப் படிவமான புரோஃபார்மாவில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதைக் கூட்டாய்வுகளில் வேலை செய்தவர்கள்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எந்த வகையைத் தேர்ந்தாலும் இதழைத் தேர்வதில் சறுக்கினால் எல்லாம் வீண். நாள்தோறும் மின்னஞ்சலில் "மதிப்புக்குரிய டாக்டர்" என்று அழைத்து ஒரு வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லும் இதழ்களைப் பற்றி அறியாதவர்கள் இப்போது குறைவு, ஆனால் தேர்வு நெருங்கும்போது அறிந்தவர்களும் பணம் கட்டுகிறார்கள். 2013இல் சயன்ஸ் இதழுக்காக, வேண்டுமென்றே பிழைகளை நிரப்பிய ஒரு பொய்க் கட்டுரை எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்தநிலை இதழ்களுக்கு அனுப்பப்பட்டபோது 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. அத்தகைய இதழில் போன கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறிடத்தில் வெளியிட முடியாது என்பதால், நல்ல தரவும் அதோடு புதைந்துவிடுகிறது. பட்டியலில் இருக்கிறது என்பதும் நிலையான உறுதி அல்ல. வேகமாக வெளியிடுவதால் நம் மாணவர்களிடையே மிகவும் புழங்கும் கியூரியஸ் இதழை வெப் ஆஃப் சயின்ஸ் என்ற பட்டியல் 2024இல் நிறுத்திவைத்தபோது, அங்கே கட்டுரை போட்டிருந்தவர்கள் கலங்கினார்கள். அனுப்பும் நாளில் அந்த இதழ் எந்தப் பட்டியலில் உள்ளது என்று பட்டியலின் சொந்தத் தளத்திலேயே பார்க்க வேண்டும், இதழின் முகப்பில் போட்டிருக்கும் சின்னங்களை நம்பக் கூடாது. பணமே தர முடியாதவர்கள் இந்திய அறுவை மருத்துவர் சங்கத்தின் இந்தியன் ஜர்னல் ஆஃப் சர்ஜரி போன்ற சந்தா வழி இதழ்களுக்கு அனுப்பலாம், அங்கே சந்தா வழியைத் தேர்ந்தால் ஆசிரியரிடம் வெளியீட்டுக் கட்டணம் கேட்பதில்லை. காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆசிரியர் பெயர் வரிசையை மாணவர்கள் பேசத் தயங்குகிறார்கள், தயங்கியே கடைசியில் கசப்பைச் சம்பாதிக்கிறார்கள். முதல் மூன்று இடங்களுக்கும் தொடர்பு ஆசிரியர் இடத்துக்கும் மட்டும் மதிப்பு என்று விதி வந்த பிறகு, அந்த நான்கு இடங்களுக்குள் துறைத்தலைவர், யூனிட் சீஃப், வழிகாட்டி, உதவிப் பேராசிரியர், மாணவர் என்று ஐந்து பேர் அமர வேண்டியிருக்கிறது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறிப்படி, திட்டத்திலோ தரவிலோ பங்களித்தவர், எழுத்தில் பங்கெடுத்தவர், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்தவர், கட்டுரைக்குப் பொறுப்பேற்பவர் என்ற நான்கும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால்தான் அவர் ஆசிரியர். இந்த அளவுகோலைத் துறைத்தலைவரின் அறையில் உயர்த்திப் பிடிக்கச் சொல்லவில்லை, அது நடக்கிற காரியமல்ல. ஆனால் தீசிஸ் தலைப்பு கையெழுத்தாகும் நாளில், "மேடம், இதைக் கட்டுரையாக அனுப்பும்போது பெயர்கள் எந்த வரிசையில் வரும்?" என்று பணிவாகக் கேட்டு, வந்த விடையை ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவைப்பது யாருக்கும் மரியாதைக் குறைவல்ல.

ஆக, சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர் தீசிஸையே கட்டுரையாகத் திட்டமிட வேண்டும், அளவிடும் கேள்வியாக அமைத்துக்கொள்ள வேண்டும். தலைப்பு கைநழுவிப் போன இரண்டாம் ஆண்டு மாணவர் கேஸ் ஷீட்டில் உறுதியாக இருக்கும் தகவலுக்குள் ஒரு பின்னோக்கிய ஆய்வைச் செய்யலாம். கூட்டாய்வு அழைப்பு எப்போது வந்தாலும் சேரலாம், அதைப் பட்டியலில் சேர்க்கும் கட்டுரையாக அல்லாமல் பயிற்சியாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. மூன்றாம் ஆண்டில் கையில் எதுவும் இல்லாமல் நிற்பவர் சுவரொட்டியோடு தேர்வுக்குப் போகட்டும். உண்மையிலேயே கற்பிக்கும் நோயாளி ஒருவர் இருந்தால் மட்டும் கேஸ் ரிப்போர்ட் எழுதட்டும்.

எதை அனுப்பினாலும், இதழிலிருந்து திருத்தக் கடிதம் வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும் என்பதை மனத்தில் கொண்டு சில ஏற்பாடுகளை முன்பே செய்துகொள்ள வேண்டும். அதற்குள் மாணவர் பட்டம் பெற்று வேறு ஊரில் பணியில் சேர்ந்திருப்பார், வழிகாட்டி இடமாற்றத்தில் போயிருப்பார், கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி மூடப்பட்டிருக்கும். எனவே சொந்த மின்னஞ்சலையும், ஆய்வாளரை எங்கு போனாலும் அடையாளம் காட்டும் ஆர்க்கிட் எண்ணையும் கொடுத்து அனுப்புவதும், நோயாளிப் பெயர்களை நீக்கிய தரவுக் கோப்பின் ஒரு படியை வழிகாட்டியிடமும் ஒன்றைத் தன்னிடமும் வைத்துக்கொள்வதும், நெறிமுறைக் குழுக் கடிதத்தையும் ஒப்புதல் படிவங்களையும் எளிதில் எடுக்கும்படி துறையில் ஒப்படைத்துவிட்டுப் போவதும் அவசியம். மதிப்பாய்வாளர் கேட்பது பெரும்பாலும் சிறிய விஷயம்: முப்பது நாள் தொடர்பில் எத்தனை பேர் விடுபட்டார்கள், அவர்களைக் கணக்கில் எப்படிச் சேர்த்தீர்கள். குறித்த கெடுவுக்குள் அதற்குப் பதில் போகாவிட்டால் கோப்பு மூடப்பட்டு, கட்டுரை புதிதாக அனுப்பியது போல மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும்.